பாஸ்தா வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள்

ரோம் நகரத்து முட்டை-சீஸ் பாஸ்தாவான கார்பொனாராவில் க்ரீம் கிடையாது. சீஸும் மிளகும் சேர்த்த காச்சியோ எ பேப்பேயில் வெண்ணெய்கூடக் கிடையாது. இருந்தும் இரண்டின் சாஸுமே வழுவழுவென்று பாஸ்தாவில் ஒட்டிக்கொண்டு வரும். காரணம், பாஸ்தா வெந்த தண்ணீர். அதைச் சிங்க்கில் கொட்டிவிட்டு, கடையில் க்ரீம் வாங்கி ஊற்றுகிறோம். இத்தாலிக்குக் குடிவருகிற நம்மவர்கள் முதலில் விடவேண்டிய பழக்கம் இதுதான் என்பேன்.

காச்சியோ எ பேப்பேயையே எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்தா, பெக்கொரீனோ ரொமானோ சீஸ், மிளகு, அவ்வளவுதான். பொருள் குறைவு என்பதாலேயே தப்பை மறைக்க இடமில்லை.

இரண்டு பேருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி, 100 கிராம் பெக்கொரீனோ. வழக்கமான கணக்கு 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 10 கிராம் உப்பு. இதற்கு மட்டும் தண்ணீரைப் பாதியாக்குங்கள், மாவுச்சத்து அடர்த்தியாக இறங்கும். செம்மறிப் பாலில் செய்த பெக்கொரீனோ நல்ல உப்பு, அதனால் லிட்டருக்கு 5 கிராம் உப்பே தாராளம். தண்ணீரில் எண்ணெய் விடவே வேண்டாம்.

மிளகை வெறும் வாணலியில் வறுத்துக் கொரகொரப்பாக இடித்து, அதே வாணலியில் போட்டு ஒரு கரண்டி பாஸ்தாத் தண்ணீர் விடுங்கள். பாக்கெட்டில் 10 நிமிடம் என்று இருந்தால் எட்டாவது நிமிடமே பாஸ்தாவை எடுத்து வாணலிக்கு மாற்றிவிட வேண்டும். பாக்கி வேக்காடு அங்கேதான், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுப் புரட்டிக்கொண்டே.

இனிமேல்தான் கவனம் தேவை. சீஸைப் பூப்போலத் துருவி, ஆறவைத்த பாஸ்தாத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக விட்டுத் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து வைத்திருக்க வேண்டும். அடுப்பை அணைத்து, கொதிப்பு அடங்க ஒரு நிமிடம் பொறுத்து, பிறகு சேர்த்துக் கிளறுங்கள். சுமார் 65 டிகிரியைத் தாண்டினால் சீஸின் புரதம் திரண்டு, ரப்பர் மாதிரி கரண்டியில் சுற்றிக்கொள்ளும். அப்படித் திரண்டதைச் சரிசெய்வது கிட்டத்தட்ட நடக்காத காரியம். மாவுச்சத்து போதிய அளவு இருந்தால் புரதங்கள் ஒன்றோடொன்று சேராமல் தடுக்கும். 2025-இல் இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இதை ஆராய்ந்து, சீஸ் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் திரளாது என்று கண்டார்கள். முதலில் சிரிக்கவைத்து, பிறகு சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் அதற்குக் கிடைத்தது. கைப்பழக்கம் வரும்வரை 100 கிராம் சீஸுக்கு இரண்டரை கிராம் சோளமாவை (கார்ன்ஃப்ளார்) தண்ணீரில் காய்ச்சி, ஆறவைத்துச் சேர்க்கலாம். ரோமானியர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

பாஸ்தா வாங்கும்போது 'த்ரஃபிலாத்தா அல் ப்ரோன்சோ' என்று பாக்கெட்டில் இருக்கிறதா பாருங்கள். வெண்கல அச்சில் பிழிந்தது அது. மேற்பரப்பு சொரசொரவென்று மாவு படிந்தாற்போல வெளிறி இருக்கும், மாவுச்சத்தும் நன்றாக இறங்கும். மஞ்சளாகப் பளபளக்கும் பாஸ்தாவில் சாஸ் வழுக்கிக்கொண்டு போகும்.

ஆறினால் இறுகிவிடும் பண்டம் இது. அதனால்தான் இங்கே வீடுகளில் பாஸ்தாவைத் தண்ணீரில் போடுவதற்கு முன்பே 'பூத்தோ லா பாஸ்தா!' (பாஸ்தாவைப் போடுகிறேன்!) என்று குரல் கொடுத்து எல்லோரையும் மேஜைக்கு வரவழைக்கிறார்கள்.

சைவர்களுக்கு ஒன்று. இறைச்சி இல்லை என்று நம்பி இதைச் சாப்பிடுகிறவர்கள் நிறைய. பெக்கொரீனோ ரொமானோவில் பாலைத் திரியவைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள். பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டியுடையது. வேண்டாம் என்றால் லேபிளில் 'கால்யோ வெஜெத்தாலே' (தாவர உறைபொருள்) அல்லது 'கால்யோ மிக்ரோபிக்கோ' (நுண்ணுயிர் உறைபொருள்) என்று போட்டிருக்கும் வேறு பெக்கொரீனோவைத் தேடி வாங்குங்கள்.