ஒரு செக்டருக்காக ஒரு வன்தட்டையே தள்ளி வைப்பதா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வேறு ஏதோ வேலையாக வீட்டு சர்வருக்குள் நுழைந்தபோது, ரெய்டின் நிலையைக் காட்டும் கோப்பையும் திறந்து பார்த்தேன். ஒரு வன்தட்டு பழுதானாலும் தரவு தப்பும்படி பல தட்டுகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் ஏற்பாடுதான் ரெய்டு. நான்கு வன்தட்டுகளும் நலமாக இருந்தால் சதுர அடைப்புக்குள் நான்கு யூ எழுத்துகள் வரிசையாக நிற்க வேண்டும். மூன்றுதான் நின்றன, நான்காவது இடத்தில் ஓர் அடிக்கோடு கிடந்தது. பதிவுகளைப் புரட்டினால், அந்த வன்தட்டு விலக்கப்பட்டு 19 நாள்கள் ஆகியிருந்தன. ரெய்டு 5 ஒரு தட்டின் இழப்பைத் தாங்கும், இரண்டாவதைத் தாங்காது. வீட்டாரின் 15 ஆண்டுப் புகைப்படங்களும் காணொளிகளும் 19 நாள்களாக அந்த நிலையில் இருந்திருக்கின்றன. எனக்கு ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை.

ஏன் வரவில்லை? லினக்ஸ் இயங்குதளத்தில் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆட்ம் கருவி, எச்சரிக்கை மடலை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கு அனுப்ப முயல்கிறது. வீட்டு சர்வரில் மடலை வெளியே கொண்டு செல்லும் மென்பொருளை நாமாக நிறுவினால்தான் உண்டு. சோதனை மடல் அனுப்பிப் பார்க்கும் வசதி அந்தக் கருவியிலேயே இருக்கிறது. ஆனால் நான் பின்பற்றிய வழிகாட்டிகள் அத்தனையும் உருவாக்கு, ஃபார்மட் செய், மவுண்ட் செய் என்று கட்டளைகளைக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டன. மடல் வராத ரெய்டு பாதி கட்டிய ரெய்டு என்று ஒருவராவது எழுதியிருக்கக் கூடாதா?

தட்டு செத்துவிட்டது என்று நம்பி அன்றே புதிதாக ஒன்று வாங்கினேன். அந்தக் கதை பின்னால் வருகிறது. விலக்கப்பட்ட பழைய தட்டைத் தனியே இணைத்துச் சோதித்தபோதுதான் வயிறு எரிந்தது. அதில் படிக்க முடியாத செக்டர், அதாவது தரவு எழுதப்படும் சிறு துண்டு, ஒன்றே ஒன்று. தட்டு முழுவதும் ஒரு முறை எழுதியதும் அந்த எண்ணிக்கையும் பூச்சியத்துக்குத் திரும்பிவிட்டது. 4 டெராபைட் தட்டில் 4 கிலோபைட் இடம் படிக்க வரவில்லை என்பதற்காக முழுத் தட்டும் வெளியே தள்ளப்பட்டிருக்கிறது.

இது தற்செயல் இல்லை; இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகாததன் விளைவு. மலிவான மேசைக்கணினி வன்தட்டு, படிக்க முடியாத ஓர் இடத்தைச் சந்தித்தால், யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு நிமிடத்துக்கும் மேலாகத் தானே மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸின் மையப்பகுதியான கர்னலோ வழக்கமாக 30 நொடிகள்தான் காத்திருக்கும். பிறகு இணைப்பை மீட்டமைக்கும், அப்போதும் பதில் இல்லையென்றால் தட்டே போய்விட்டது என்று முடிவுகட்டும். அதே தட்டு 7 நொடிகளில் "என்னால் படிக்க முடியவில்லை" என்று ஒப்புக்கொண்டிருந்தால், ரெய்டு மற்ற மூன்று தட்டுகளிலிருந்து அந்தத் துண்டைக் கணக்கிட்டு அதே இடத்தில் திரும்ப எழுதிச் சரிசெய்திருக்கும். நான் ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

அந்த 7 நொடி வரம்பை நாஸ் எனப்படும் பிணையச் சேமிப்புப் பெட்டிகளுக்கான தட்டுகளில் தொழிற்சாலையிலேயே வைத்துத் தருகிறார்கள். மலிவான தட்டுகள் பலவற்றில் அந்த வசதியே கிடையாது. வசதி இருக்கும் சிலவற்றிலும் மின்சாரம் போய் வந்தால் அமைப்பு மறந்துபோகும், ஒவ்வொரு முறை சர்வர் எழும்போதும் நாம்தான் திரும்ப இட வேண்டும். இல்லாதவற்றுக்குக் கர்னலின் பொறுமையை 180 நொடிகளாக உயர்த்துவது ஒன்றே வழி. 1987இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு (RAID) என்று பெயரிட்டபோது அதன் மூன்றாம் எழுத்து "விலை மலிந்த" என்பதைத்தான் குறித்தது. மலிவான தட்டுகளைச் சேர்த்து நம்பகத்தன்மை பெறுவதற்காகப் பிறந்த ஏற்பாட்டில், மலிவான தட்டை வைத்தது உன் குற்றம் என்று இன்று என்னிடமே சொல்கிறார்கள்.

இனி அந்தப் புதிய தட்டின் கதை. 4 டெராபைட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினால் ஏழரை மணி நேரத்தில் மீளமைப்பு, அதாவது இழந்த தட்டின் தரவை மற்றவற்றிலிருந்து கணக்கிட்டுப் புதியதில் எழுதும் வேலை, முடிய வேண்டும். முதல் ஒரு மணி நேரம் அப்படித்தான் ஓடியது. பிறகு வேகம் சரியத் தொடங்கி, நொடிக்கு 10 மெகாபைட்டைத் தொடுவதற்கே திணறியது. மூன்று நாள்கள் ஆயின. அந்த மூன்று நாள்களும் மீதமுள்ள மூன்று பழைய தட்டுகளை ஓயாமல் படித்தாக வேண்டும், மொத்தம் 12 டெராபைட். இத்தகைய தட்டுகளின் விவரத்தாளில் தயாரிப்பாளரே 10^14 பிட்டுகளுக்கு, அதாவது 12.5 டெராபைட்டுக்கு, ஒரு படிப்புப் பிழை வரை வரலாம் என்று போட்டிருக்கிறார். அது மேல்வரம்புதான், நடந்தே தீரும் என்பதில்லை. ஆனாலும் அந்த மூன்று இரவும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மீளமைப்பு இழுத்ததற்குக் காரணம், அது எஸ்எம்ஆர் என்ற எழுதும் முறையைக் கொண்ட தட்டு. கூரையில் ஓடு வேய்வதுபோலத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அடுக்கியிருப்பதால், நடுவில் ஓரிடத்தைத் திருத்த வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். படங்களைப் போட்டு மூடிவைக்க அது போதும், ரெய்டு மீளமைப்புக்கு ஆகாது. 2020 ஏப்ரலில், மூன்று பெரிய தயாரிப்பாளர்களும் சில மாடல்களில் இதைச் சொல்லாமலே விற்றுவந்தது அம்பலமானது. அதன் பிறகு பட்டியல்கள் வெளியிட்டார்கள். நான் வாங்கிய தட்டின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கொள்ளளவு இருந்தது, உத்தரவாத ஆண்டு இருந்தது, சிரிக்கும் குடும்பத்தின் படம்கூட இருந்தது. இது மட்டும் இல்லை. கடைக்காரரிடம் கேட்டால், "அதெல்லாம் யாரும் கேட்கறதில்லை சார்" என்றார்.

நான் கேட்கிறேன். எஸ்எம்ஆரா இல்லையா, பிழை வந்தால் எத்தனை நொடியில் பதில் சொல்லும், இந்த இரண்டு வரிகளையும் அந்தச் சிரிக்கும் குடும்பத்தின் படத்துக்குக் கீழே அச்சிடுங்கள்.