வரம்பை 1 ஆக்கினால் நல்ல அஞ்சலும் சிக்கும்

"ஸ்பாம் அசாசின் என்ற மின்னஞ்சல் வடிகட்டும் மென்பொருளில் வரம்பை 5-லிருந்து 1 ஆகக் குறைத்தால் குப்பை அஞ்சல் மட்டும் நின்றுவிடும்" என்று ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் ஏற்றுமதியாளர்களிடையே பரவும் செய்தி தவறானது. அந்த மென்பொருள், ஓர் அஞ்சலுக்குப் பொருந்தும் விதிகளின் மதிப்பெண்களையெல்லாம் கூட்டி, மொத்தம் வரம்பைத் தொட்டால் அதை ஸ்பாம் (குப்பை அஞ்சல்) என்று குறிக்கிறது. நல்ல அஞ்சலிலும் ஓரிரு விதிகள் பொருந்துவது இயல்பு என்பதால், வரம்பு 1 ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பும் கொள்முதல் ஆணையும் குப்பைப் பெட்டிக்குப் போகக்கூடும். ஆணை ஒன்று தவறினால் பட்டறைத் தொழிலாளியின் வேலையும் பாதிக்கப்படும் என்பதாலேயே இதை வலியுறுத்துகிறோம். வரம்பை 5-லேயே விட்டு, மாதிரி அஞ்சல்களிலிருந்து ஸ்பாமையும் நல்லதையும் பிரித்தறியக் கற்கும் அதன் பேயீசியன் வடிகட்டியைப் பழக்குங்கள். இயல்பான அமைப்பில், ஸ்பாம் 200, நல்ல அஞ்சல் 200 எனக் குறைந்தது இவ்வளவையாவது கற்ற பிறகே அது மதிப்பெண் வழங்கும். ஸ்பாம் அசாசின் குறிப்பதோடு சரி. குறித்ததை அழிக்கும் கட்டளை அஞ்சல் சேவையகத்தில் தனியாக இருந்தால், அதை முதலில் நிறுத்துங்கள்.