கூரையில் எழுவது கொதிகலன் நீராவி அல்ல

"காகித ஆலைக் கூரையில் வெள்ளையாக எழுகிறதே, அது கொதிகலன் நீராவி வீணாகப் போவது" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

உலர்த்தும் நீராவி காகிதத்தைத் தொடுவதே இல்லை. தாள் மேலே படிந்து ஓட, சுழலும் வார்ப்பிரும்பு உருளைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. அங்கே ஒவ்வொரு கிலோவும் தண்ணீராகும்போது ஏறத்தாழ 2,100 கிலோஜூல் வெப்பம் தருகிறது. அந்த வெந்நீரை ஒரு குழாய் வெளியே இழுத்து, அழுத்தம் குறைந்த கலனில் விடும். அதில் ஒரு பங்கு மறுபடி ஆவியாகி வேறு உருளைகளைச் சூடாக்கப் போகும். மிச்சம் கொதிகலனுக்கே திரும்பும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

அப்புறம் கூரையில் தெரிவது? ஈரத்தாளிலிருந்து பிரிந்த தண்ணீர். பாதிக்கு மேல் ஈரமாக உள்ளே வரும் தாள் அது. பல ஆலைகளில் அந்தச் சூட்டையும் விடுவதில்லை. உலர்த்திக்குள் போகும் காற்றை அதைக்கொண்டே சூடாக்குகிறார்கள். நீராவியைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் வெளியே விடும் வால்வான ஸ்டீம் ட்ராப் பழுதானால் நீராவி வீணாவது உண்மைதான்.