அது முதல் படம் அல்ல, அண்ணாச்சி

தொலைக்காட்சித் தொடரில் நடித்த சாரா பாலி, முதன்முதலாக எழுதி இயக்கிய படத்துக்கே ஆஸ்கர் வாங்கினார் என்று தக்கலை அண்ணாச்சி எழுதியிருக்கிறார். ஆஸ்கர் உண்மை, ‘முதல்’ என்பதுதான் இடிக்கிறது. 2023இல் தழுவல் திரைக்கதைக்குப் பரிசு பெற்றுத்தந்த ‘விமன் டாக்கிங்’ (2022) வருவதற்கு 16 ஆண்டுகள் முன்பே, 2006இல், கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்றோவின் சிறுகதையை ‘அவே ஃப்ரம் ஹர்’ என்று படமாக்கிவிட்டார். அதற்கும் இதே பிரிவில் பரிந்துரை கிடைத்தது. அந்தப் படம் வந்தபோது அவருக்கு வயது 27தான்!

அதில், நினைவு தப்பத் தொடங்கிய மனைவி, கழுவிய வாணலியைத் துடைத்து அப்படியே ஃப்ரீசருக்குள் வைப்பார். கணவர் பார்த்துக்கொண்டே நிற்பார். மார்த்தாண்டத்தில் என் அம்மச்சியும் சாவிக்கொத்தை அரிசிப் பானைக்குள் போட்டுவைத்தவர். அந்தக் காட்சியைத் தாண்ட எனக்கு நேரம் பிடித்தது.