டஸ்கீகி விமானிகள் பற்றிச் சுற்றும் தகவல்: எது உண்மை?

இரண்டாம் உலகப் போரில் டஸ்கீகி விமானிகள் எனப்பட்ட அமெரிக்கக் கறுப்பின விமானிகள் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் பறந்தபோது, அவற்றில் ஒன்றுகூட எதிரியிடம் வீழவில்லை என்று ஒரு வாட்ஸ்அப் பதிவு சுற்றுகிறது. புகழத்தான் எழுதியிருக்கிறார்கள், சரி. ஆனால் தகவல் தவறு.

இது பழைய கதை. 1945 மார்ச்சில் 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகையே அப்படி எழுதியது. அப்புறம் அமெரிக்க விமானப்படையின் வரலாற்று ஆய்வாளர் டேனியல் ஹால்மன் அன்றைய பறப்பு அறிக்கைகளையும், வீழ்ந்த விமானங்களின் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இந்தக் கறுப்பின விமானிகளின் குழுவான, சிவப்பு வால் விமானங்களுக்குப் பெயர்பெற்ற 332-வது போர் விமானக் குழு அமெரிக்காவின் 15-வது விமானப்படைக்காக 179 முறை காவல் பறந்தது. அவற்றில் 7 பயணங்களில் மொத்தம் 27 குண்டுவீச்சு விமானங்கள் எதிரி விமானங்களால் வீழ்ந்தன. அதே படையின் மற்றக் காவல் குழுக்களின் சராசரி இழப்பு 46. உண்மைக் கணக்கே இவ்வளவு பெருமையாக இருக்கும்போது பொய் எதற்கு?

அலபாமாவின் மேக்ஸ்வெல் தளத்திலுள்ள விமானப்படை வரலாற்று ஆய்வு மையத்தின் வெளியீடுகளில் இதைச் சரிபார்க்கலாம்.

அந்தப் பதிவு சொல்லாதது ஒன்று உண்டு. கறுப்பர்கள் போருக்குத் தகுதி குறைந்தவர்கள் என்று 1925-லேயே ஆய்வறிக்கை எழுதிவைத்த அமெரிக்க ராணுவத்துக்காகத்தான் அவர்கள் பறந்தார்கள். 1945 ஏப்ரலில் இண்டியானாவின் ஃப்ரீமன் ஃபீல்டில், வெள்ளையர் மட்டும் புழங்கிய அதிகாரிகள் மன்றத்தை எதிர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின அதிகாரிகள் கைதானார்கள். படையில் பாகுபாட்டை நீக்கும் அதிபர் ட்ரூமனின் ஆணை 1948 ஜூலையில்தான் வந்தது.

அந்தப் பதிவு உங்களுக்கு வந்தால் மேலும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு 27, 46 என்ற கணக்கைச் சொல்லுங்கள்.