அளவைக்காரர் கை

ஜான் டர்ன்புல் தாம்சன் வரைந்த பழைய சிங்கப்பூர் நீர்வண்ண ஓவியங்களைப் பற்றி நல்ல கட்டுரை. ஒன்று விட்டுப்போயிருக்கிறது: மனிதர் தொழிலால் அரசு நில அளவையாளர், சிங்கப்பூருக்குக் கிழக்கே கடலில் நிற்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவரும் அவரே. அதனால்தான் கூரைச் சரிவும் ஜன்னல் வரிசையும் அப்படி நூல் பிடித்தாற்போல நிற்கின்றன. ஆட்கள் மட்டும் கொஞ்சம் பொம்மை மாதிரி, சரி போகட்டும்!

1846இல் அவர் வரைந்த மாரியம்மன் கோயிலையும் பக்கத்திலுள்ள, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசலையும் பெரிதாக்கிப் பாருங்கள். பள்ளிவாசலின் இரட்டை மினாராக்கள் இன்றும் அப்படியே. இப்போதைய கோயில் கோபுரமோ 1925இல் எழுந்தது. அதேபோல, இன்று நகருக்குள் இருக்கும் தெலுக் ஆயர் தெரு அன்று கடற்கரை. கடலைத் தூர்த்தது பின்னால்தான். மூல ஓவியங்கள் பல நியூசிலாந்தின் டனிடின் நகரில், ஹாக்கன் நூலகத்தில் இருக்கின்றன.