அந்த ரீலைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி கல்யாணத்தில் நடந்ததை நம் சொந்தக்காரப் பையன் ஒருவன் ரீலாகப் போட்டுப் புண்ணியம் கட்டிக்கொண்டான். பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். கெட்டிமேளத்துக்கு நடுவே ஐயர் மைக்கில் "யோவ், நகருய்யா", "நீ நகரு முதல்ல" என்று மண்டபம் முழுக்கக் கேட்டதே, அது எங்கள் போட்டோக்காரரும் வீடியோக்காரரும்தான். சிரித்தவர்களுக்கு நன்றி.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். போட்டோக்காரர் நன்றாக எடுப்பாரா, வீடியோக்காரர் நன்றாக எடுப்பாரா என்று தனித்தனியாகப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ரெண்டு பேரும் ஒரே மேடையில் ஒத்துப்போவார்களா என்று பாருங்கள். எங்களுக்கு வந்த ரெண்டு பேருமே கெட்டிக்காரர்கள். தனித்தனியாக.

போட்டோ எங்கள் பொறுப்பு, வீடியோ மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு என்று நிச்சயதார்த்தத்திலேயே பேச்சு. எங்கள் ஆள் தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுகிற எழுபது-இருநூறு லென்ஸோடு மேடைக்குக் கீழே தள்ளி நின்று எடுக்கிற ரகம். அவர்கள் ஆள் கேமரா ஆடாமல் பிடிக்கிற கிம்பலில், கிட்டப் போய் எடுக்கிற வைடு லென்ஸ் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை காதுக்குப் பக்கத்திலேயே போய்விடுவார். அதாவது இவர் படமெடுக்கிற வழியில்தான் அவர் முதுகு. போதாததற்கு, இவர் அடிக்கிற பிளாஷ் அவர் வீடியோவில் பாதி பிரேமை வெளுக்க வைக்கும். அவர் பிடிக்கிற எல்இடி லைட்டால் இவர் படத்தில் ஒரு பக்கத்துக் கன்னம் மட்டும் பளீரென்று இருக்கும். ரெண்டு பேர் மேலும் தப்பில்லை, தொழில் அப்படி. "தாலி கட்டும்போது நீங்க இடது பக்கம், நான் வலது பக்கம்" என்று முந்தின நாள் ஒரு போன் பேசியிருந்தால் தீர்ந்தது. அந்த ஒரு போனை யாரும் பேச வைக்கவில்லை. நானும்தான்.

1993ல் சித்தப்பா கல்யாணத்துக்கு வந்தது அண்ணன் தம்பி ரெண்டு பேர். அண்ணன் போட்டோ, தம்பி கேசட் போடுகிற விஎச்எஸ் வீடியோ கேமரா. பக்கத்தில் ஒரு பையன் அனல் பறக்கும் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணன் "ம்" என்பார். தம்பி அரையடி விலகுவார். கிளிக். திரும்ப அதே இடம். பிலிம் ரோலுக்கு 36 படம்தான் என்பதால் அந்த "ம்"முக்கு மதிப்பு இருந்தது. கேசட் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது, ஆனால் ஆல்பத்தில் தாலி கட்டுகிற படத்தில் அப்பத்தாவின் கண் கலங்கியிருப்பது வரைக்கும் தெரியும்.

"ரெண்டையும் ஒரே ஸ்டூடியோவில் கொடுத்திருக்கலாமே" என்கிறார்கள். கொடுக்கலாம். ஆனால் முகூர்த்த சீசனில் ஒரே நாளில் நாலு ஆர்டர் பிடித்துவிட்டு, ஆளை வெளியிலிருந்து கூப்பிடுகிற ஸ்டூடியோ எத்தனை! அந்த ரெண்டு பேரும் முதன்முதலாகப் பார்த்துக்கொள்வதே மண்டபத்து டிபன் பந்தியில்தான். அதனால் ஸ்டூடியோ பேரைக் கேட்காதீர்கள். அன்றைக்கு வரப்போவது யார், ரெண்டு பேரும் இதற்குமுன் சேர்ந்து எடுத்த முழுக் கல்யாணம் ஒன்றைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். முழுக் கல்யாணம். மூணு நிமிஷ டீசர் இல்லை.

"கல்யாணம் கேமராவுக்கா நடக்குது?" என்று ஒருவர் கமென்ட். அவர் வீட்டுக் கல்யாணத்தில் ட்ரோன் பறந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

பெரியப்பா ஃபேமிலி குரூப்பில் எழுதியதுதான் தாங்கவில்லை. "காசு மிச்சம் பிடிச்சா இப்படித்தான்." பெரியப்பா, போட்டோவுக்கு மட்டும் 85,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். பிஎஃப்பில் எடுத்த பணம். ஆறு போட்டோக்காரர்களின் ஆல்பத்தை வாங்கிப் புரட்டி, நாலு பேரிடம் விசாரித்துத்தான் பேசினேன். சம்பந்தி வீட்டு ஆளிடம் போய் "நீங்க எங்க நிப்பீங்க" என்று கேட்டால் மரியாதையாக இருக்காதே என்று அன்றைக்கு என்னைத் தடுத்ததே நீங்கள்தான். மறந்திருக்கும். பரவாயில்லை. மண்டபம் பார்த்தது, சமையல்காரரிடம் பேசியது, விடியற்காலை நாலு மணிக்கு ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க அலைந்தது இதெல்லாம் எந்த ரீலிலும் வராது, அதுவும் பரவாயில்லை.

நேற்று போட்டோ லிங்க் வந்தது. மாங்கல்யதாரணத்துக்கு மொத்தம் 41 படம். பெரும்பாலானவற்றில் வீடியோக்காரரின் தொப்பி. ஒன்றில் மட்டும் தொப்பி இல்லை. தங்கச்சி தலை குனிந்திருக்கிறாள், மாப்பிள்ளை கை கழுத்துக்குப் பின்னால், நாத்தனார் முடிச்சுக்குக் குனிகிறார், அட்சதை காற்றில் நிற்கிறது. ஓரத்தில் நான். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த ரெண்டு பேரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். என் தங்கச்சி கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவே இல்லை.

ஆல்பத்துக்குப் படம் பொறுக்கி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் படத்தைத்தான் முதலில் டிக் செய்தேன். ஓரத்தை வெட்டிவிடச் சொல் என்கிறாள் அம்மா.